பெயரா, இறந்தகால வினையா? ஆங்கிலக் காகிதம் படிக்கிறவர்களுக்கு ஒரு வழி

‘தி இஞ்சர்ட் லெஃப்ட் தி ஹாஸ்பிட்டல் அகென்ஸ்ட் மெடிக்கல் அட்வைஸ்.’ விபத்து இழப்பீட்டு வழக்குக் கட்டுகளில் அடிக்கடி கண்ணில் படும் வாக்கியம் இது. காயமடைந்தவர் மருத்துவர்கள் சொன்னதை மீறி மருத்துவமனையை விட்டுப் போய்விட்டார் என்று பொருள். தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலக் காகிதத்தின் முன் உட்காரும் ஒருவருக்கு இதில் தெரியாத சொல் ஒன்றும் இல்லை. ‘இஞ்சர்ட்’ என்றால் காயப்படுத்தினார், ‘லெஃப்ட்’ என்றால் இடது, ‘ஹாஸ்பிட்டல்’ என்றால் மருத்துவமனை. எல்லாம் தெரிந்தும் வாக்கியம் பிடிபடாமல் நழுவுகிறது. வினைபோல் தோன்றும் ‘இஞ்சர்ட்’ இங்கே பெயர்ச்சொல். பெயர்போல் தோன்றும் ‘லெஃப்ட்’ இங்கே இறந்தகால வினை. சிக்கல் முழுவதும் அங்கேதான்.

நான் பாரிமுனையில், தம்புச் செட்டித் தெருவில், ஒரு தட்டச்சு நிலையத்தின் மாடியில் உட்கார்ந்து ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்கும் வேலை செய்கிறேன். கிரயப் பத்திரம், பிரமாணப் பத்திரம், முதல் தகவல் அறிக்கை, காயச் சான்று, தீர்ப்பு நகல் எல்லாம் வரும். வேலை பழக வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் திருவொற்றியூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கத்திலிருந்து தமிழ்வழியில் படித்துவிட்டு வருகிறவர்கள். அவர்களுக்கு நான் சொல்லித் தரும் முறையைத்தான் எழுதுகிறேன். டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு என்று படிக்கிறவர்களுக்கும் இது உதவும். ஆனால் எடுத்துக்காட்டுகள் நீதிமன்றக் காகிதங்களிலிருந்தே வரும். நான் தினமும் புழங்குகிற ஆங்கிலம் அதுதான்.

இதைப் பற்றி இவ்வளவு அழுத்தமாகப் பேசக் காரணம் இருக்கிறது. மேலே உள்ள வாக்கியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை முடியுமுன் தானாகவே வெளியேறினார் என்பது எதிர்த்தரப்பு வக்கீல் கையில் எடுக்கக்கூடிய வாதம். அந்த வரியைப் புரியாமல் தாண்டிப் போன குடும்பம் குறுக்கு விசாரணையில் திகைத்துப்போய் நிற்கும். ஒரு வரியைச் சரியாகப் படிப்பது அவர்களுக்கு அவ்வளவு பெரிய விஷயம்.

அளவுகோல் நம்மிடமே இருக்கிறது

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் வினையியலின் முதல் நூற்பா இப்படிப் போகிறது: ‘வினையெனப் படுவது வேற்றுமை கொள்ளாது / நினையுங் காலைக் காலமொடு தோன்றும்.’ வினைச்சொல் வேற்றுமை உருபை ஏற்காது, காலத்தைக் காட்டும். பத்திரத்தை, பத்திரத்தால், பத்திரத்துக்கு என்று சொல்லலாம். ‘எழுதினான்’ என்பதன் பின்னால் ஐ-யையும் கு-வையும் ஒட்ட முடியாது. ‘எழுதினான்’ நேற்றைக்கு உரியது, ‘எழுதுவான்’ நாளைக்கு உரியது. பத்திரமோ நேற்றும் நாளையும் பத்திரம்தான்.

பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துவிட்ட இந்த இரண்டு குணங்களும் ஆங்கிலத்திலும் செல்லும். சந்தேகமான சொல்லிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். வேற்றுமை ஏற்கிறாயா? காலம் காட்டுகிறாயா? முதல் கேள்விக்கு ஆம் என்றால் பெயர். இரண்டாவதற்கு ஆம் என்றால் வினை. இரண்டுக்கும் இல்லை என்றால் அது மூன்றாவது வகை. அதற்குப் பிறகு வருகிறேன்.

சொல்லின் தோற்றத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். இ-டி என்று முடிந்தால் இறந்தகாலம் என்று பலர் பழகியிருக்கிறார்கள். ‘டீட்’ என்றால் பத்திரம், ‘சீட்’ என்றால் விதை, ‘ஹண்ட்ரட்’ என்றால் நூறு. இவையும் அதே எழுத்துகளில் முடியும் பெயர்கள்தான். மொபெட்டும் அப்படியே. மறுபுறம் ‘சா’ (பார்த்தார்), ‘ஹெல்ட்’ (பிடித்தார்), ‘லே’ (படுத்தார்) ஆகியவற்றில் அந்த எழுத்துகள் இல்லை. மூன்றும் இறந்தகால வினையாக வரக்கூடியவை.

வேற்றுமை கேட்பது எப்படி

தமிழில் வேற்றுமை உருபு சொல்லின் பின்னால் ஒட்டும். ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பெரும்பாலும் பிரிபொசிஷன்கள் செய்கின்றன: ஆஃப், இன், ஆன், பை, வித், ஃப்ரம் போன்றவை. அவை முன்னால் நிற்கும். ஆகவே சந்தேகமான சொல்லுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிரிபொசிஷனோ, ‘எ’, ‘தி’ என்ற ஆர்ட்டிகிளோ, ‘ஹிஸ்’, ‘திஸ்’, ‘டூ’ (இரண்டு) போன்ற சொல்லோ அதற்கென்றே நின்றால் அது இறந்தகால வினையாக இருக்க முடியாது.

சென்னையில் மனை வாங்கியவர்கள் எல்லோருக்கும் ‘கிரவுண்ட்’ தெரியும். 2,400 சதுர அடி. கிரயப் பத்திரத்தில் ‘ஹாஃப் எ கிரவுண்ட்’ என்று வந்தால் முன்னால் ‘எ’ நிற்கிறது, பெயர். மேல்முறையீட்டு மனுவில் ‘ஆன் தி கிரவுண்ட் தட்’ என்று வந்தால் ‘இந்தக் காரணத்தின் பேரில்’ என்று பொருள். முன்னால் ‘ஆன் தி’ நிற்கிறது, அதுவும் பெயர். ‘ஷி கிரவுண்ட் தி ரைஸ்’ என்பதில் ‘கிரவுண்ட்’ என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பது ‘ஷி’. அவள் அரிசியை அரைத்தாள். ‘கிரைண்ட்’ என்பதன் இறந்தகாலம். மாவு அரைக்கும் கிரைண்டரும் இந்த வினையிலிருந்து வந்ததுதான்.

அடுத்தது ‘போர்’. சொத்து விவரத்தில் ‘எ போர் வித் மோட்டார்’ என்றிருந்தால் ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும். தீர்ப்பிலோ ‘தி லெட்டர் போர் நோ டேட்’ என்று வரும்: கடிதத்தில் தேதி இல்லை. இங்கே பிள்ளைகள் தடுமாறுவார்கள். முன்னால் ‘தி’ இருக்கிறதே, பெயர்தானே என்பார்கள். அந்த ‘தி’ கடிதத்துக்கு உரியது; ‘லெட்டர்’ என்ற பெயரோடு அதன் வேலை முடிந்துவிட்டது. ‘லெட்டர் பாக்ஸ்’ என்பதைப் போல ‘லெட்டர் போர்’ என்று ஒரு பொருள் உண்டா? இல்லை. எனவே ‘தி லெட்டர்’ என்பது எழுவாய், ‘போர்’ அதன் பயனிலை.

ஆர்ட்டிகிளைக் கண்டதும் அடுத்த சொல்லில் நின்றுவிடக் கூடாது. அந்தத் தொடர் முடியும் வரை நடக்க வேண்டும். ‘எ டீப் கட் ஆன் தி லெஃப்ட் ஹேண்ட்’ என்று காயச் சான்றில் இருக்கிறது. ‘எ’ தொடங்கி ‘ஆன்’ வருவதற்குள் கடைசியாக இருப்பது ‘கட்’. அதுதான் பெயர், ‘டீப்’ அதன் அடைமொழி. பிறகு ‘தி’ தொடங்கி ‘ஹேண்ட்’ வரை. கை பெயர், ‘லெஃப்ட்’ அடைமொழி. வாக்கியத்தை இப்படித் தொடர் தொடராக வெட்டிப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

காலம் கேட்பது எப்படி

இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, நாளை மாற்றிப் பார்ப்பது. ‘நேற்று’ என்பதை எடுத்துவிட்டு ‘தினமும்’ என்று போடுங்கள். ‘ஹி ரோஸ் அட் ஃபைவ்’ என்பது ‘ஹி ரைசஸ் அட் ஃபைவ் எவ்ரி டே’ என்று மாறும். சொல் உருமாறுகிறது, ஆகவே வினை. ‘தி ரோஸ் வாஸ் ரெட்’ என்பதில் ‘வாஸ்’ மட்டும் ‘இஸ்’ ஆகும். ரோஜா ரோஜாவாகவே இருக்கும். பூவின் பெயர் லத்தீனிலிருந்து வந்தது, எழுந்தான் என்ற வினை பழைய ஆங்கிலத்துக்கே உரியது. இரண்டுக்கும் பொருளால் ஓர் உறவும் இல்லை, ஒலியும் எழுத்தும் ஒன்றாகிவிட்டன. அதனால் ஒன்றின் பொருளிலிருந்து மற்றொன்றின் பொருளை ஊகிக்க முயல்வது வீண்.

இன்னொரு வழி ‘டிட்’. நான் அதிகம் நம்புவது இதைத்தான். வாக்கியத்தை எதிர்மறையாக்குங்கள், அல்லது கேள்வியாக்குங்கள். இறந்தகால வினையாக இருந்தால் அது இரண்டாகப் பிரியும்: ‘டிட்’ ஒருபுறம், வினையின் அடிவடிவம் மறுபுறம். ‘தி இஞ்சர்ட் லெஃப்ட்’ என்பது ‘தி இஞ்சர்ட் டிட் நாட் லீவ்’ ஆகும். ‘லெஃப்ட்’ பிரிந்துவிட்டது, வினைதான். ‘தி லெட்டர் போர் நோ டேட்’ என்பதை ‘டிட் தி லெட்டர் பேர் எ டேட்?’ என்று கேட்கலாம். கரடியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் அதே எழுத்துகளில் எழுதப்படும் ‘பேர்’. ‘இஞ்சர்ட்’ என்பதை இப்படிப் பிரித்துப் பாருங்கள். ‘தி டிட் நாட் இஞ்சர்’ என்று வரும், ஆங்கிலமே இல்லை. எனவே அது வினையில்லை.

‘டிட்’ காலத்தைத் தன் மேல் ஏற்றிக்கொள்கிறது. அதனால் முதன்மை வினை காலத்தைக் கழற்றிவிட்டு அடிவடிவத்துக்குத் திரும்புகிறது. தமிழிலும் ‘போனான்’ என்பதை மறுக்கும்போது ‘போகவில்லை’ என்கிறோம், ‘போனானில்லை’ என்று சொல்வதில்லை. இதை மனத்தில் வைத்தால் ‘டிட் நாட் லெஃப்ட்’, ‘டிட் நாட் சா’ என்று எழுதும் பிழையும் தானே ஒழியும். வரைவுகளில் நான் அதிகம் திருத்துவது இந்தப் பிழையைத்தான்.

‘வாஸ்’, ‘வேர்’, ‘ஹேட்’ ஆகியவை முன்னால் இருந்தால் ‘டிட்’ வழி செல்லாது. ‘தி டிரைவர் வாஸ் இஞ்சர்ட்’ என்பதில் காலத்தைச் சுமப்பது ‘வாஸ்’. ‘இஞ்சர்ட்’ அங்கே பயிற்சிப் புத்தகங்கள் வி3 என்று போடும் மூன்றாம் வடிவம். ஓட்டுநர் காயமடைந்தார் என்ற செயப்பாட்டுவினையின் ஒரு பகுதி.

உருமாறாத வினைகள்

கட், புட், ஹிட், செட், ஷட், ஹர்ட், காஸ்ட், ஸ்ப்ரெட், ஸ்ப்ளிட், பர்ஸ்ட். இவை மூன்று வடிவத்திலும் ஒன்றாகவே இருக்கும். எதை எடுத்தாலும் ‘ட்’ ஒலியில்தான் முடிகிறது. இறந்தகால விகுதிக்கும் அதே ஒலி என்பதால் தனியாக ஒட்டுவதற்கு ஒன்றும் எஞ்சவில்லை. இவற்றில் பலவும் பெயராகவும் வருவதால் குழப்பம் இரட்டிப்பாகும்.

இங்கே ‘எஸ்’ என்ற ஓர் எழுத்து நமக்குத் துணை. எழுவாய் ஒருமையாக, படர்க்கையாக இருந்தால் நிகழ்கால வினைக்கு ‘எஸ்’ வந்தே தீர வேண்டும். வரவில்லை என்றால் அது இறந்தகாலம். ‘தி ஹை கோர்ட் செட் அசைட் தி ஆர்டர்’ என்ற வரியைப் பாருங்கள். உயர் நீதிமன்றம் ஒருமை. ‘செட்ஸ்’ என்று இல்லை. ஆகவே அந்த உத்தரவு ஏற்கெனவே ரத்து செய்யப்பட்டுவிட்டது. ‘ரத்து செய்கிறது’ என்று தமிழாக்கினால் தவறு. கட்சிக்காரருக்கு இது சாதாரண வேறுபாடு அல்ல. ‘எ செட் ஆஃப் டாக்யுமென்ட்ஸ்’ என்று வந்தால் முன்னால் ‘எ’ இருக்கிறது, பெயர்; ஒரு கட்டு ஆவணங்கள்.

எழுவாய் பன்மையானால் இந்தத் துணை கிடைக்காது. ‘தே ஹிட் ஹிம்’ என்பது அடித்தார்கள் என்றும் அடிக்கிறார்கள் என்றும் பொருள்படும். அப்போது முன்னும் பின்னும் உள்ள வினைகளின் காலத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ‘எஸ்’ சேர்ந்து ‘கட்ஸ்’, ‘காஸ்ட்ஸ்’ என்று வந்தால் அது இறந்தகாலம் அல்ல என்பது மட்டும் உறுதி. ‘வித் காஸ்ட்ஸ்’ என்று தீர்ப்பின் கடைசியில் வருவது வழக்குச் செலவுத் தொகை. ‘வித்’ முன்னால் நிற்பதால் பெயர்.

‘ரீட்’ தனி வகை. எழுத்து மாறாது, உச்சரிப்பு மாறும்: படிக்கிறார்கள் என்றால் ‘ரீட்’, படித்தார்கள் என்றால் ‘ரெட்’. காயச் சான்றில் வரும் ‘வூண்ட்’ இதைப் போன்றதே. காயம் என்ற பெயருக்கு ‘வூண்ட்’ என்ற உச்சரிப்பு, கயிற்றைச் சுற்றினான் என்ற இறந்தகால வினைக்கு ‘வௌண்ட்’ என்ற உச்சரிப்பு, எழுத்துகள் ஒன்றே. வாய்விட்டுப் படித்தால் எது எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறதா என்பது உடனே வெளிப்படும். அதனால்தான் என் மேசையில் எவரும் மனத்துக்குள் படிக்க நான் விடுவதில்லை.

‘தி அக்யூஸ்ட்’: காலம் காட்டுவதுபோல் நிற்கும் பெயர்

இப்போது நீதிமன்றக் காகிதத்தின் நடுப்பகுதிக்கு வருகிறோம். தி அக்யூஸ்ட், தி டிசீஸ்ட், தி இஞ்சர்ட். குற்றம் சாட்டப்பட்டவர், இறந்தவர், காயமடைந்தவர். ஆங்கில இலக்கணம் இதைப் பெயரடை பெயராக நிற்பது என்று விளக்கும். எனக்கு அதைவிடத் தெளிவாக இருப்பது நம் வினையாலணையும் பெயர்தான். ‘இறந்தவர்’ என்ற சொல்லில் இறந்தகாலம் இருக்கிறது. ஆனாலும் இறந்தவரை, இறந்தவருக்கு, இறந்தவரின் என்று வேற்றுமை ஏற்கிறது. வேற்றுமை ஏற்பதால் பெயர். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஆங்கிலத்திலும் அப்படியே சோதியுங்கள். ‘தி டிசீஸ்ட்ஸ் வைஃப்’ என்று மேற்கொமாவோடு ‘எஸ்’ சேர்க்க முடிகிறது: இறந்தவரின் மனைவி. ‘ஃப்ரம் தி அக்யூஸ்ட்’ என்று பிரிபொசிஷன் சேர்க்க முடிகிறது: குற்றம் சாட்டப்பட்டவரிடமிருந்து. ஆகவே பெயர்.

ஆனால் அதே சொல் அடுத்த வரியிலேயே வினையாகலாம். ‘தி விட்னஸ் அக்யூஸ்ட் ஹிம் ஆஃப் தெஃப்ட்.’ சாட்சி அவர்மீது திருட்டுக் குற்றம் சாட்டினார். ‘தி’ சாட்சியோடு முடிந்துவிட்டது. ‘அக்யூஸ்ட்’ என்பதற்குப் பின்னால் ‘ஹிம்’ என்ற செயப்படுபொருள் நிற்கிறது. ‘டிட் நாட் அக்யூஸ்’ என்று பிரிகிறது. வினை. ஒரு பக்கத்தில் இரண்டு வேலையிலும் வரும் இந்தச் சொல்லை ஒவ்வொரு முறையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். போன வரியில் பெயராக இருந்தது என்று இந்த வரியிலும் விட்டுவிடக் கூடாது.

‘தி அக்யூஸ்ட்’ என்பதற்குப் பன்மை ‘எஸ்’ சேர்ப்பதில்லை. ஒருவரா பலரா என்பதைப் பின்னால் வரும் ‘வாஸ்’, ‘வேர்’ சொல்லும். ‘தி அக்யூஸ்ட் வேர் ப்ரொட்யூஸ்ட்’ என்றால் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் ஆஜர்படுத்தப்பட்டார்கள்.

மூன்றாவது வகை

வேற்றுமையும் ஏற்காமல் தானாகக் காலமும் காட்டாமல் இன்னொரு பெயரைச் சார்ந்து நிற்பவை உண்டு. தமிழில் பெயரெச்சம் செய்யும் வேலை. ‘தி இஞ்சர்ட் மேன்’ என்றால் காயமடைந்த மனிதர். பின்னால் ‘மேன்’ வந்துவிட்டதால் ‘இஞ்சர்ட்’ பெயராக இல்லாமல் அடையாகிவிட்டது. ‘ஃப்ரைட் ரைஸ்’, ‘பாயில்ட் எக்’ எல்லாம் இந்த வகை.

கவனமாக இருக்க வேண்டியது, இந்த எச்சம் பெயருக்குப் பின்னால் வரும்போதுதான். ‘தி ஆட்டோ ஹிட் பை தி பஸ் ஃபெல் இன்டு தி கனால்.’ முதல் மூன்று சொற்களைப் படித்ததுமே ஆட்டோ மோதியது என்று மனம் முடிவு செய்துவிடும். பிறகு ‘ஃபெல்’ வந்து நிற்கும். எழுவாய் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். ‘பை’ வந்த இடத்திலேயே சுதாரித்துக்கொள்ளுங்கள். ‘ஹிட்’ என்பதற்கு முன்னால் ‘விச் வாஸ்’ என்று சேர்த்துப் படித்தால் பொருந்துகிறதா? பொருந்துகிறது. அப்படியானால் அது எச்சம். பஸ் மோதிய ஆட்டோ கால்வாயில் விழுந்தது. முற்று ‘ஃபெல்’ ஒன்றுதான். மோதியது யார் என்பதே தலைகீழாகிவிடும் இடம் இது, விபத்து வழக்கில் இதைவிடப் பெரிய தவறு இல்லை.

ஆங்கிலச் செய்தித்தாள் தலைப்புகளும் இதே மாதிரி ‘வாஸ்’, ‘வேர்’ இரண்டையும் விழுங்கிவிடும். ‘டூ ஹெல்ட் ஃபார் செயின் ஸ்னாட்சிங்’ என்றால் செயின் பறித்ததாக இருவர் கைது. இருவர் எதையோ பிடித்தார்கள் என்பதல்ல. ‘யூத் ஸ்டேப்ட் நியர் சென்ட்ரல்’ என்றால் இளைஞர் குத்தப்பட்டார். ‘யூத் ஸ்டேப்ட் ஃப்ரெண்ட்’ என்றால் இளைஞர் குத்தினார். வினைக்குப் பின்னால் செயப்படுபொருள் நேராக நிற்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். தீர்ப்பில் வரும் ‘தி கோர்ட் ஹெல்ட் தட்’ என்பதோ முழுமையான இறந்தகால வினை: நீதிமன்றம் இவ்வாறு முடிவு கூறியது.

காது ஏமாற்றும் சொற்கள்

எழுதும்போது வரும் சிக்கல் வேறு. புகார் என்ற பெயரும், புகார் செய்தார் என்ற வினையும் நம் காதுக்கு ஒரே மாதிரி ‘கம்ப்ளெய்ண்ட்’ என்றுதான் கேட்கின்றன. பெயரின் கடைசியில் டேபிளுக்கு வரும் ‘டி’ மட்டும். வினையின் கடைசியில் இ-யும் டோருக்கு வரும் ‘டி’யும். ‘ஹி’ என்று தொடங்கிவிட்டுப் பெயரின் எழுத்துகளைப் போட்டால் வாக்கியத்தில் வினையே இல்லாமல் போய்விடும். ‘ரெஸ்ட்ரெயின்ட்’ என்பதும் இதே கதை: தடுப்பு என்ற பெயர் ஒரு கூட்டல், தடுத்தார் என்ற வினை இன்னொரு கூட்டல். ‘பாஸ்ட்’ என்று ஒலிக்கும் இரண்டும் அப்படியே. தீர்ப்பு வழங்கினார்கள் என்ற பொருளில் வருவது வினை, அதை இரண்டு எஸ் போட்டு இ-டி சேர்த்து எழுத வேண்டும். கடந்த காலம் என்ற பொருளில் வரும் பெயருக்கு ஒரு எஸ், அதன்பின் டேபிளின் ‘டி’.

‘டிசீஸ்ட்’ பற்றி ஒரு வார்த்தை. இறந்தவர் என்பதற்குள்ள சொல்லில் முதல் எழுத்துக்கு அடுத்து வருவது ‘இ’, அதன்பின் ‘சி’. அந்த இடங்களில் ‘ஐ’, ‘எஸ்’ என்று போட்டால் நோயுற்றவர் என்று பொருள் மாறிவிடும். இறந்துபோன ஒருவரின் வாரிசுகள் கையெழுத்திடும் பிரமாணப் பத்திரத்தில் இந்தப் பிழை வருவதை என்னால் பொறுக்க முடிவதில்லை. அந்தக் குடும்பத்துக்கு நாம் காட்டும் மரியாதை இந்த இரண்டு எழுத்துகளில் இருக்கிறது.

நட்டம், இழந்தார், விற்பனை, விற்றார், சாவு, செத்தார் என்ற இணைகளைப் பிரிப்பது எளிது. ‘லாஸ்’, ‘சேல்’, ‘டெத்’ பெயர்கள். கடைசி எஸ் போய் டேபிளின் ‘டி’ வந்த ‘லாஸ்ட்’, உருமாறிய ‘சோல்ட்’, ‘டைட்’ வினைகள். ‘டெட்’ மட்டும் இரண்டிலும் சேராது. அது இறந்த என்ற அடை. ‘ஹி டெட்’ என்று எழுதாதீர்கள்; ‘ஹி டைட்’ அல்லது ‘ஹி இஸ் டெட்’.

வி1, வி2, வி3 பட்டியலை முதல் நாளிலிருந்தே மனப்பாடம் செய்யச் சொல்லும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. பட்டியலில் ‘சா’ எப்போதும் வினைதான். ரம்பத்தையும் அது குறிக்கும் என்பதைப் பட்டியல் சொல்லாது. ஓர் ஆவணத்தில் ஒரு பக்கத்தை எடுங்கள். பென்சிலால் ஒவ்வொரு வாக்கியத்திலும் காலம் காட்டும் முற்றுவினையின் அடியில் கோடிடுங்கள். அதற்கு எழுவாய் யார் என்று வட்டமிடுங்கள். எஞ்சியவற்றில் பெயர் எது, எச்சம் எது என்று பாருங்கள். அப்படிச் சந்தித்த வினைகளை மட்டும் பட்டியலில் தேடி மூன்று வடிவத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். மெதுவாகத்தான் நகரும். ஆனால் அப்படிக் கற்றது மறக்காது.

பயிற்சிக்கு ஒரு பத்தி தருகிறேன், நானே எழுதியது. ‘தி வாட்ச்மேன் சா தி அக்யூஸ்ட் நியர் தி ஷெட். தி அக்யூஸ்ட் ஹிட் ஹிம் வித் எ சா அண்ட் லெஃப்ட். தி வூண்ட் ஆன் ஹிஸ் லெஃப்ட் ஆர்ம் வாஸ் டீப். தி டிஸ்சார்ஜ் சம்மரி போர் நோ சீல்.’ மேலே படிக்குமுன் நீங்களே பென்சிலை எடுத்துப் பாருங்கள்.

முதல் ‘சா’ வினை. ‘டிட் நாட் சீ’ என்று பிரியும். ‘அக்யூஸ்ட்’ இரண்டு இடத்திலும் பெயர். ‘ஷெட்’ இங்கே பெயர், முன்னால் ‘நியர் தி’ நிற்கிறது. ‘ஹி ஷெட் டியர்ஸ்’ என்று வந்திருந்தால் கண்ணீர் வடித்தான் என்ற வினை. ‘ஹிட்’ வினை. எழுவாய் ஒருவரா பலரா என்று ‘அக்யூஸ்ட்’ சொல்லவில்லை. ஆனால் முன்னால் ‘சா’, பின்னால் ‘வாஸ்’ இருப்பதால் இறந்தகாலம் என்பதில் சந்தேகமில்லை. இரண்டாவது ‘சா’ பெயர், ‘வித் எ’ அதைக் காட்டிக்கொடுக்கிறது. ‘அண்ட் லெஃப்ட்’ என்பதில் எழுவாய் சொல்லப்படவில்லை, முந்தைய எழுவாயே தொடர்கிறது. அடித்துவிட்டுப் போனார், வினை. ‘வூண்ட்’ பெயர். ‘ஹிஸ்’ என்பதற்கும் ‘ஆர்ம்’ என்பதற்கும் நடுவில் நிற்கும் ‘லெஃப்ட்’ அடை. ‘போர்’ வினை.

குற்றம் சாட்டப்பட்டவரைக் காவலாளி கொட்டகைக்கு அருகில் பார்த்தார். குற்றம் சாட்டப்பட்டவர் அவரை ரம்பத்தால் அடித்துவிட்டுப் போய்விட்டார். அவருடைய இடது கையில் இருந்த காயம் ஆழமானது. மருத்துவமனையின் விடுவிப்புச் சுருக்கத்தில் முத்திரை இல்லை.